திருவிருந்துக்கு முன் வேதத்தைக் கொண்டு தன்னைச் சோதித்தறிவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாதந்தோறும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனையில் போதகர் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை வாசித்து, "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" என்ற இடத்தில் நிறுத்திச் சில நிமிடம் மௌனம் தருகிறார். அந்த மௌனத்தில் சில மாதங்களில் உங்களுக்குக் குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவுமே நினைவுக்கு வருவதில்லை; வேறு சில மாதங்களில் எந்த வசனத்தை நினைத்தாலும் அது உங்களையே குற்றஞ்சாட்டுவதாகத் தோன்றி, எழுந்து முன்னே போகக் கால் வருவதில்லை. நான்கு மாதமாகப் பந்திக்குப் போகவில்லை என்றும், வேதத்தை வைத்துத் தன்னை ஆராய்வதற்கு ஒழுங்கான முறை ஏதேனும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், கேள்விக்குச் சம்பந்தமில்லாததைப் போல, வரப்புத் தகராறில் அண்ணனோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குப் பின்னால் வருகிறேன்.

முறைகள் உண்டு, திருச்சபையின் வரலாற்றில் நல்ல முறைகள் பல இருந்திருக்கின்றன. ஆனால் உங்களை மிரட்டுகிற அந்த வசனம் எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதைப் பார்க்காமல் முறைகளுக்குப் போனால், எந்த முறையும் உங்களைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து விடும் என்று அஞ்சுகிறேன். ஆகவே கொரிந்து பட்டணத்திலிருந்து தொடங்குவோம்.

அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு இந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, எழுதியது கி.பி. 50-களின் நடுப்பகுதியில். அப்போது சபைக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவருடைய வீட்டில்தான் கூடுவார்கள், அங்கே உண்ணும் முழு உணவின் பகுதியாகவே கர்த்தருடைய இராப்போஜனமும் நடந்தது. வாரத்தின் முதல் நாள் அந்த உலகத்தில் விடுமுறை நாளல்ல. கையில் பொழுது உள்ளவர்கள் முன்னதாகவே வந்து அமர்ந்து, தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அடிமைகளும் கூலிவேலை செய்பவர்களும் எஜமான் விட்ட பிறகு வந்து சேரும்போது அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. பல ஆய்வாளர்கள் இப்படித்தான் அந்தக் காட்சியை விளக்குகிறார்கள்; பவுலின் சொற்களும் இதற்கு இடம் தருகின்றன. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்பது 21-ஆம் வசனம். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று அடுத்த வசனத்திலேயே கேட்கிறார். இவ்வளவுக்கும் பிறகுதான் 28-ஆம் வசனத்தில் "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்ற கட்டளை வருகிறது. 33-ஆம் வசனத்தில் அவர் சொல்லும் பரிகாரத்தைப் பாருங்கள்: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." அழுது புலம்புங்கள் என்றோ, மூன்று நாள் உபவாசம் இருங்கள் என்றோ அவர் சொல்லவில்லை, வேலை முடித்து வருகிறவன் வந்து சேரும்வரை கையை நீட்டாமல் இருங்கள் என்கிறார்.

நாம் மௌனத்தில் கண்ணை மூடி நெஞ்சுக்குள் தேடுகிற காரியம், பவுல் கேட்ட கேள்வியிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போய்விட்டது என்பது இதிலிருந்து தெரியும். அவர் கேட்டது ஏறத்தாழ இதுதான்: உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சாப்பிட்டானா? உன் நடத்தையால் இந்த வீட்டில் யார் தலைகுனிந்து நிற்கிறார்? 29-ஆம் வசனத்தில் வரும் "கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாததினால்" என்பதற்கு, அப்பத்தில் கர்த்தருடைய சரீரத்தை உணராமல் என்று சிலரும், கிறிஸ்துவின் சரீரமாகிய சபையை உணராமல் என்று சிலரும் பொருள் கொள்கிறார்கள். அடுத்த அதிகாரத்தின் பெரும்பகுதி சபையையே சரீரம் என்று பேசுவதால் இரண்டாவது பொருளை ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. முதற்பொருளை ஏற்றாலும், பசியோடிருக்கும் சகோதரனைக் காணாதவன் அந்த அப்பத்தை எப்படிக் கண்டான் என்ற கேள்வி எஞ்சவே செய்யும்.

இன்னும் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். 27-ஆம் வசனத்தில் வரும் "அபாத்திரமாய்", அதாவது தகுதியற்ற விதமாய், என்பது வினையடை. உண்ணும் விதத்தைப் பற்றியது. கிரேக்க மூலத்திலும் அப்படித்தான். நாமோ அதைப் பெயரடையாக மாற்றிக்கொண்டு, "நான் அபாத்திரன், ஆகவே எடுக்க மாட்டேன்" என்று இருக்கையிலேயே இருந்துவிடுகிறோம். பாத்திரவான்கள் மட்டும் வரலாம் என்றால் அந்தப் பந்தியில் பரிமாறுவதற்கே ஆள் இருக்காது. மற்றது "சோதித்தறிந்து" என்ற சொல். அதன் மூலச்சொல் உலோகத்தையும் நாணயத்தையும் பரீட்சிப்பதற்குப் புழங்கிய சொல். நம் பத்தர்கள் உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்ப்பதைப் போன்றது. 26-ஆம் சங்கீதத்தில் "என் உள்ளிந்திரியங்களையும் என் இருதயத்தையும் புடமிட்டுப்பாரும்" என்று வருவதும் இதே பட்டறையிலிருந்து வந்த பேச்சுதான். உரைத்துப் பார்ப்பதற்குத் தங்கத்தின் ஓரத்தில் ஒரு கீற்றுப் போதும். நகை முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை. உங்கள் வாழ்நாள் முழுவதையும் அந்தச் சில நிமிட மௌனத்தில் உருக்கிப் பார்க்க முயல்வதால்தான் உங்களுக்கு மூச்சுத் திணறுகிறது என்று நினைக்கிறேன்.

இந்த வசனம் நம் மண்ணிலும் நேராகவே பாய்ந்திருக்க வேண்டியது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, வேப்பேரி போன்ற பழைய புராட்டஸ்டண்ட் சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனியே உட்காருவதும், திருவிருந்தில் யார் முந்தி யார் பிந்தி என்ற வரிசையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நீடித்தன. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் எழுதிய சுற்றறிக்கையில் சாதி வேற்றுமையைத் தீர்மானமாக, உடனடியாக, இறுதியாகக் கைவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். பலர் அதை ஏற்காமல் சபையை விட்டு விலகினார்கள். அந்த ஆண்டுகளில் பழைய வழக்கத்துக்காக வாதாடியவர்களில் ஒருவர், இன்றும் நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், புதிதாக வந்த மிஷனெரிகள் மீது அவர் கொண்ட மனக்குறை சாதியோடு நின்றுவிடவில்லை. வேதத்தின் மொழிபெயர்ப்பை மாற்றியதும் தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஒதுக்கியதும் அவருக்கு உறுத்தின, அவற்றில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் சாதியில்? அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வேதம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்ற வசனத்தை அவர் எத்தனையோ முறை கேட்டிருப்பார். அதே அதிகாரத்தில், ஏழு வசனம் முன்னால், பந்தியில் ஒருவர் முந்திக்கொள்வது கண்டிக்கப்படுகிறது என்பது அவரோடு நின்றவர்களின் கண்ணுக்குப் படவில்லை. இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் எழுப்பியுள்ள ஊர்கள் நம்மிடையே இருக்கையில், நாம் அவர்களை எட்டி நின்று பார்த்துத் தலையை ஆட்ட முடியாது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு காட்சி உண்டு. புகழ்பெற்ற பிரசங்கியார் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் பத்தொன்பது வயதை ஒட்டி, 1722-23-இல், தமக்கென்று எழுபது தீர்மானங்களை எழுதி வைத்தார்; வாரம் ஒருமுறை அவற்றை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று தலைப்பிலேயே குறித்துக்கொண்டார். நேரத்தை வீணாக்கியதா, பிறரைப் பற்றிக் கடுமையாகப் பேசியதா என்றெல்லாம் தம்மைத் துருவித் துருவிப் பார்த்த மனிதர் அவர். அதே மனிதர் 1731-இல் நியூபோர்ட் துறைமுகத்துக்குப் போய், வீனஸ் என்று பெயரிடப்பட்டிருந்த கறுப்பினச் சிறுமி ஒருத்தியை விலை கொடுத்து வாங்கினார். எழுபது தீர்மானங்களில் எதுவும் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஊர் முழுதும் இயல்பென்று எண்ணுகிற ஒன்றைத் தனி ஒருவரின் மனச்சாட்சி தானாகப் பாவம் என்று கண்டுகொள்வது மிக அரிது. "தன் பிழைகளை உணருகிறவன் யார்? மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்" என்று 19-ஆம் சங்கீதம் மன்றாடுவது இதனால்தான். எரேமியா இன்னும் கடுமையாக, இருதயமே எல்லாவற்றிலும் திருக்குள்ளது, அதை அறியத்தக்கவன் யார் என்று கேட்கிறார். ஆராயப்பட வேண்டிய பொருளே ஆராய்கிற கருவியாகவும் இருந்தால் அளவு எப்படிச் சரியாக வரும்?

ஆகவே வேதத்தைத் தற்பரிசோதனைக்குப் பயன்படுத்துவது என்றால், நம் மனச்சாட்சி ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஆதார வசனம் தேடுவது என்று பொருளாகாது. மனச்சாட்சி கேட்காத கேள்வியை வேதம் கேட்கும்படி அதற்கு இடம் விட வேண்டும். இதை மிகத் தெளிவாகக் காட்டுவது 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரம். தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் கொல்லவைத்து, மாதங்கள் ஓடிவிட்டன, பிள்ளையும் பிறந்துவிட்டது. அந்த மாதங்களில் அவன் வேதத்தை அறியாதவனாக இருந்தானா? கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் அசையவில்லை. நாத்தான் வந்து, ஏழை ஒருவன் மடியில் வளர்ந்த ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்த கதையைச் சொன்னபோதுதான் தாவீதுக்குக் கோபம் மூண்டது. அவன் சாகவேண்டும், ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை திரும்பச் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பும் சொன்னான். "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொன்னது அதற்குப் பிறகு. ஆக, தாவீதின் நீதியுணர்வு செத்துப் போயிருக்கவில்லை, அயலானைப் பற்றிய வழக்கில் அது கூர்மையாகவே வேலை செய்தது. தன் வழக்கில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்தை உங்களுக்குச் சொல்கிறேன். வேதத்தில் ஒரு நிகழ்ச்சியை வாசிக்கும்போது எந்த மனிதன் மேல் எனக்குக் கோபம் வருகிறது என்று பார்த்து, அங்கேயே புத்தகத்தைத் திறந்தபடி வைத்துவிட்டு, அவன் செய்ததை வேறு அளவில், வேறு உடையில் நான் எங்கே செய்கிறேன் என்று கேட்டுப் பார்ப்பேன். கெட்ட குமாரன் உவமையில் வீட்டுக்குள் வர மறுத்த மூத்தவன் மேல் எரிச்சல் வருகிறதா? மன்னிக்கப்பட்ட பிறகு நூறு வெள்ளிக்காசுக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தவன் மேல் வருகிறதா? பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபித்த கதையை வாசித்து முடித்ததும், நல்லவேளை நான் அந்தப் பரிசேயனைப் போல் இல்லை என்று மனம் சொல்கிறதா? கடைசியாகச் சொன்ன குழியில் விழாதவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிரசங்கம் கேட்கும்போதும் இதே கதைதான். இந்த வார்த்தை இன்னாருக்குச் சரியான அடி, அவர் இன்றைக்கு வந்திருக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா?

139-ஆம் சங்கீதத்தின் வரிசையையும் இங்கே நினைவூட்ட வேண்டும். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற 23-ஆம் வசனத்தைப் பாட்டாகவும் ஜெபமாகவும் அறிந்திருக்கிறோம். அதற்கு முந்தைய நான்கு வசனங்களை அநேகமாக யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. துன்மார்க்கனை அழித்துவிடும் என்றும், உம்மைப் பகைக்கிறவர்களை முழுப்பகையாய்ப் பகைக்கிறேன் என்றும் கொதித்துவிட்டு, அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள் "என்னை ஆராய்ந்து" என்று திரும்புகிறார் சங்கீதக்காரர். நான் கடவுளின் பக்கம் நின்று கோபப்படுகிறேன் என்று உறுதியாக இருக்கும் நேரமே தன்னைச் சோதிக்கக் கேட்க வேண்டிய நேரம் என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும். வரப்புத் தகராறு உள்ளவர்களுக்கு இந்த வரிசை மிகவும் பயன்படும்.

இனி முறை. நீங்கள் லூத்தரன் சபையில் வளர்ந்தவர் என்று எழுதியிருப்பதால், உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மார்ட்டின் லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் போதனை நூலை, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்தார். தலைமுறை தலைமுறையாகத் திடப்படுத்தலுக்காக அதை மனப்பாடம் செய்கிறோம். அதில் பாவ அறிக்கையைப் பற்றிய பகுதியில், எந்தப் பாவங்களை அறிக்கையிடுவது என்ற கேள்விக்கு வரும் பதில் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. பத்துக் கற்பனைகளின், அதாவது பத்துக் கட்டளைகளின், வெளிச்சத்தில் உன் நிலையைப் பார் என்கிறார்: நீ தகப்பனா, தாயா, மகனா, மகளா, எஜமானா, வேலைக்காரனா? அந்த இடத்தில் உண்மையில்லாமல், சோம்பலாய், கீழ்ப்படியாமல் இருந்தாயா? சொல்லாலோ செயலாலோ யாருக்காவது தீங்கு செய்தாயா? எதையாவது திருடினாயா, கவனிக்காமல் விட்டாயா, கெடுத்தாயா? உறவின் பெயரைச் சொல்லி அந்த இடத்தில் நின்று பதில் சொல்லச் சொல்வதுதான் இதன் நுட்பம். நான் எப்படிப்பட்ட மனிதன் என்று கேட்டுக்கொண்டால் மனம் புகையாகிவிடும். என் மனைவிக்கு நான் எப்படிப்பட்ட கணவன், என்னிடம் வேலை செய்பவருக்குச் சனிக்கிழமை கூலி சரியாகப் போய்ச் சேர்ந்ததா, வயதான தாயிடம் இந்த வாரம் உட்கார்ந்து பேசினேனா என்று கேட்டால் பதில் உடனே வரும், பெரும்பாலும் கசப்பாகவே வரும்.

அதே ஞானோபதேசம் ஒவ்வொரு கற்பனையையும், செய்யாதே என்பதோடு நிறுத்தாமல், செய்யவேண்டியதையும் சேர்த்தே விளக்குகிறது. களவு செய்யாதே என்பதற்கு, அயலானின் பொருளும் பிழைப்பும் பெருகவும் காக்கப்படவும் உதவ வேண்டும் என்று பொருள் சொல்கிறது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதற்கு, அயலானைப் பற்றி நல்லதைப் பேசி, அவன் செய்வதையெல்லாம் கூடியவரை நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மௌன நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னீர்களே, பொய்ச்சாட்சி பற்றிய எட்டாம் கற்பனையின் இந்த விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சபை வாட்ஸ்அப் குழுவில் கடந்த ஒரு மாதம் நீங்கள் எழுதியவற்றையும் அனுப்பியவற்றையும் மேலிருந்து கீழாக வாசித்துப் பாருங்கள். நான் ஒருமுறை செய்தேன், மறுமுறை செய்ய மனம் துணியவில்லை.

லூத்தரிடமிருந்தே இன்னொன்று. விட்டன்பர்க் நகரில் அவருக்கு முடிதிருத்திய பேத்தர் பெஸ்கென்டார்ஃப் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு 1535-இல் ஒரு சிறு நூலையே கடிதமாக எழுதிக் கொடுத்தார். முடிதிருத்துகிறவன் கத்தியிலும் மயிரிலும் கண்ணை வைக்காமல் வாயடித்துக்கொண்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டும் இருந்தால் வாடிக்கையாளரின் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான் அல்லவா, ஜெபத்திலும் அப்படியே கவனம் வேண்டும் என்று அவருடைய தொழிலை வைத்தே விளக்குகிறார். பிறகு ஒரு கற்பனையையோ சிறு வேதப்பகுதியையோ எடுத்து நாலு இழையாகப் பின்னச் சொல்கிறார்: இது எனக்கு என்ன போதிக்கிறது, இதில் நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும், இதன்படி நான் எதை அறிக்கையிட வேண்டும், இதற்காக எதைக் கேட்க வேண்டும். பாவ அறிக்கை மூன்றாவது இழைதான் என்பதைக் கவனியுங்கள். போதனையும் நன்றியும் முந்திவிடுவதால், குற்றத்தைக் காணும்போது நாம் ஏற்கெனவே ஒருவருடைய முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம், ஒரு பகுதி போதும், மனம் களைத்துவிடக்கூடாது என்றும் எச்சரிக்கிறார்.

இந்தப் பேத்தரின் கதையில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. அதே 1535-இல், ஈஸ்டரை ஒட்டி, உணவு மேசையில் இருந்தபோது அவர் தம் மருமகனைக் கத்தியால் குத்திவிட்டார், மருமகன் இறந்துபோனார். லூத்தர் உட்பட அவருக்காகப் பரிந்து பேசியவர்கள் இருந்ததால் உயிர் தப்பி, நாடுகடத்தப்பட்டார். உலகின் மிகச் சிறந்த ஜெப முறைகளில் ஒன்றைத் தம் பெயருக்கே எழுதி வாங்கிய மனிதருக்கு இது நேர்ந்தது. முறையைத் தந்துவிட்டு இதை மறைத்தால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

கத்தோலிக்க மரபில், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் புகழ்பெற்றவை. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்றவை. அன்றாட ஆன்ம ஆய்வுக்கு அவர் வகுத்த ஐந்து படிகளும் நன்றியில்தான் தொடங்குகின்றன. பிறகு தன் பாவத்தை அறிய அருள் கேட்பது, அன்றைய பொழுதை மணிக்கணக்காகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தும் உறுதி எடுப்பது என்று போகின்றன. ஆனால் உங்களுக்கு அவர் வாழ்க்கையே இந்தப் படிகளைவிடப் பயன்படும். 1522-இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அமைதி கிடைக்காமல் அவர் துடித்தார். மிகத் தெளிவாகத் தெரிகிற பாவத்தைத் தவிரப் பழையது எதையும் மறுபடி அறிக்கையிட வேண்டாம் என்று குருவானவர் சொன்னார். அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது. அறையிலிருந்த பெரிய துவாரத்தின் வழியாகக் கீழே குதித்துவிடலாமா என்ற எண்ணம்கூட வந்தது. கடைசியில் பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவுசெய்தபோதுதான் விடுபட்டார். பின்னாளில் அவர் எழுதிய குறிப்புகளில் ஓர் உதாரணம் தருகிறார்: தரையில் தற்செயலாகச் சிலுவைபோல் கிடந்த இரண்டு வைக்கோல்களை மிதித்துவிட்டு, பாவம் செய்துவிட்டேன் என்று ஒருவன் முடிவுசெய்கிறான், அது பிழையான தீர்ப்பு, பாவமே அல்ல.

எல்லா வசனமும் உங்களையே குற்றஞ்சாட்டுகிறது என்ற உணர்வு எந்த வகை என்று நீங்கள் பிரித்தறிய வேண்டும். வேதம் சுட்டிக்காட்டுகிற குற்றத்துக்குப் பெயரும் முகமும் இருக்கும். இன்னாருக்கு இன்னது செய்தேன், இன்னது செய்யாமல் விட்டேன் என்று சொல்லிவிடலாம், சரிசெய்ய ஒரு வழியும் புலப்படும். பெயரில்லாமல், முடிவில்லாமல், நீ எதற்கும் லாயக்கில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் குரல் வேதத்தின் சொற்களைக் கடன் வாங்கிப் பேசினாலும் அது வேதத்தின் குரலாகிவிடாது. பவுலே கொரிந்தியருக்கு, "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்சொல்லுகிறதில்லை" என்று எழுதுகிறார். தன்னிடத்தில் ஒரு குற்றத்தையும் அறியேன், ஆனாலும் அதனால் நீதிமானாகிறதில்லை, நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தரே என்கிறார். தன்னைச் சோதிக்கச் சொன்னவரே தன்மேல் தீர்ப்பெழுத மறுக்கிறார். நம் இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் "தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து" என்று 1 யோவான் 3-ஆம் அதிகாரம் சொல்வதையும் சேர்த்து வாசியுங்கள். இந்தக் குரல் தூக்கத்தைக் கெடுத்து, ஒரே ஜெபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் அளவுக்குப் போனால், போதகரிடம் பேசுவதோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். இது மருத்துவம் நன்கறிந்த, சிகிச்சையுள்ள நிலை. விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எந்தப் பகுதியை வாசிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பத்துக் கற்பனைகள், மத்தேயு 5 முதல் 7 வரை, 1 கொரிந்தியர் 13, யாக்கோபு நிருபம் ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படுபவை. நானும் அவற்றையே சொல்வேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுக்காதீர்கள், பிடித்த வசனங்களை மட்டும் சுற்றிச் சுற்றி வாசிக்காதீர்கள், ஒரு புத்தகத்தை எடுத்தால் தொடர்ந்து முடியுங்கள். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் "நீயே அந்த மனுஷன்" என்ற வசனம் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. தொடர்ந்து வாசிக்கிறவர்தான் தாம் தேடாத வசனத்தின்மேல் இடறுவார். யாக்கோபு சொல்லும் கண்ணாடி உவமையிலும், முகத்தைப் பார்த்தவன் அவ்விடம்விட்டுப் போனவுடனே தன் சாயலை மறந்துவிடுகிறான் என்பதே குற்றம். அவன் பார்க்காமல் இல்லை. ஆகவே கண்டதை அன்றைக்கே ஒரு வரியாக எழுதி வையுங்கள்.

தனியாகவே செய்ய வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். நாத்தான் இல்லாமல் தாவீதுக்கு வெளிச்சம் வரவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25-இல் சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகளில், வாரந்தோறும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, பாவமா இல்லையா என்று உங்களுக்கே ஐயமாக இருப்பது எதையாவது நினைத்தீர்களா, சொன்னீர்களா, செய்தீர்களா என்பது. இந்தக் கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொண்டால், ஐயத்தின் பலனை எப்போதும் நமக்கே கொடுத்துக்கொள்வோம். ரகசியம் காக்கத் தெரிந்த, உங்களைவிட வேறு நிலையில் வாழ்கிற, முகத்துக்கு நேரே பேசுகிற ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். வீட்டு உதவியாளரோ, சபையில் பின்வரிசையில் அமர்கிறவரோ உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டறிய முடிந்தால் அது பத்துத் தியான நூல்களுக்குச் சமம். கேட்பது எளிதல்ல என்பதும் தெரியும்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்து, அங்கே "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முன்பு சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து என்று இயேசு சொல்கிறார். குறை யாருக்கு என்பதைப் பாருங்கள். அண்ணன்மேல் உங்களுக்கு உள்ள குறையைப் பற்றி அங்கே பேச்சில்லை. உங்கள்மேல் அண்ணனுக்கு உள்ள குறையைப் பற்றியே பேச்சு. வரப்பு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதற்குச் சர்வேயரும் பத்திரமும் இருக்கின்றன. இரண்டு வருட மௌனத்தில் அவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள், அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போனீர்களா என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது. இயேசுவைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயர்கள். பலிபீடமோ எருசலேமில் இருந்தது, அங்கிருந்து கலிலேயாவுக்குச் சுமார் 120 கிலோமீட்டர், மூன்று நாளுக்குக் குறையாத நடை. ஆட்டைப் பலிபீடத்தடியில் விட்டுவிட்டு ஊருக்கு நடந்துபோய்த் திரும்பி வா என்று சொன்னால் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் அண்ணன் வீடு அடுத்த தெரு என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் கதவைத் திறக்காமல் போகலாம். அது அவர் காரியம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12-ஆம் அதிகாரமும் எல்லாரோடும் சமாதானமாயிருப்பதைப் பற்றிச் சொல்கிறது. போய்வந்த பிறகும் நீங்கள் திருவிருந்துக்கு விலகி நிற்க வேண்டும் என்று அந்த 28-ஆம் வசனத்தில் எங்கும் இல்லை. முழுதாக வாசித்துப் பாருங்கள்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." உங்கள் போதகர் மௌனத்துக்காக நிறுத்துகிற இடத்தில் வசனம் நிற்பதில்லை, கட்டளையின் முற்றுவினை பந்தியில் போய்த்தான் முடிகிறது.